உரல் மேல் நின்று எடுத்த படம்

அன்றைக்குக் களத்தில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் சின்னப்பராஜ், அவர் மனைவி மதலேனம்மாள், அவர்களுடைய ஒரே பிள்ளை ஞானமேரி, வயது இருபத்திமூன்று, உயரம் ஐந்தடி பத்தங்குலம், மதலேனம்மாளின் தம்பி ஸ்தனிஸ்லாஸ், தர்மபுரியில் சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிப்பவன், யாரும் கூப்பிடாமல் வந்த பக்கத்து நிலத்துக்காரர் நஞ்சப்பன், தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வெங்கடாசலம், கழுத்தில் கேமராவோடு. இவர்களைத் தவிர ராகித்தாள் போர் ஒன்றும் கவிழ்த்துப் போட்ட கல்லுரல் ஒன்றும் இருந்தன. அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்தனிஸ்லாஸைவிட அவற்றால் உபயோகம் அதிகம்.

அறுபத்தொன்பதாம் வருஷம், தை மாதம். அதியமான்கோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி மேற்கே மூன்று மைல் நடந்தால் ஊர். நாற்பது வேதக்கார வீடுகள், ஒரு மாதா கோயில், கோயிலைவிடப் பெரிய புளியமரங்கள். பனி ஒன்பது மணிக்குத்தான் விலகும். ராகி அடித்துத் தூற்றிக் குதிருக்குப் போய்விட்டது. தாளைப் போராகப் போட்டிருந்தார்கள். சின்னப்பராஜின் உடம்பில் ராகிச் சுணை இன்னும் போகவில்லை. பேசும்போதெல்லாம் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஞானமேரிக்கு மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. மூன்றுக்கும் காரணம் ஒரே படம். போன வருஷம் தேர்த் திருவிழாவுக்கு வந்த நாடோடிப் போட்டோக்காரன் ஒருவன் கேமராவை வயிற்றில் வைத்துக்கொண்டு, அவளுக்கு நாலடி தூரத்தில் நின்று எடுத்தது. அதில் கோயில் கோபுரம் அவள் தோள் வரைக்கும்தான் வந்தது. மூக்குத் துவாரம் இரண்டும் நன்றாகத் தெரிந்தன. முதல் வீட்டுக்காரர்கள், "எங்க வூட்ல கூரை தாழ்வுங்க" என்று சொல்லிப் படத்தைத் திருப்பினார்கள். இரண்டாவது வீட்டில் ஒன்றும் சொல்லாமல் திருப்பினார்கள். மூன்றாவது கடத்தூர். அவர்கள் படத்தைக்கூடத் திருப்பவில்லை.

நாலாவதாக வந்தது மாரண்டஹள்ளி. பையன் பெயர் பெரியநாயகம். மின்சார வாரியத்தில் லைன்மேன். ஊரூராகப் பம்ப்செட்டுக்குக் கரண்டு இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. லைன்மேன் என்றால் தாசில்தாருக்கு அடுத்தபடி. பையனின் உயரம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கிற வழக்கம் இல்லை.

பையனின் தாய் ராயம்மாள் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தாள். ஒன்று, படம் நின்ற நிலையில் முழுசாக இருக்க வேண்டும். அவளுடைய சின்னம்மா மகனுக்கு உட்கார்ந்த படத்தைப் பார்த்துப் பெண் எடுத்து, தாலி கட்டி எழுந்த பிறகுதான் ஒரு கால் குட்டை என்று தெரிந்ததாம். இரண்டு, சாம்பல் புதனுக்கு முன்னால் கல்யாணம் முடிய வேண்டும். தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஊர்க் கோயிலிலும் ஓலை வாசித்தாக வேண்டும்: இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. ஒரு ஞாயிறு தவறினால் ஈஸ்டர் தாண்டித்தான். ராயம்மாள் ஈஸ்டர்வரை காத்திருக்கிற ஆள் இல்லை. பாலக்கோட்டில் இன்னொரு பெண் பார்த்து வைத்திருந்தாள்.

அதனால்தான் வெங்கடாசலத்தை மூன்று மைல் நடக்கவைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். வெங்கடாசலம் ஐந்தடி உயரம். அவருடைய கேமரா ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கண் வைத்த பெட்டி. வயிற்றில் வைத்துக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து, கிணற்றில் எட்டிப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். பிலிமில் பத்துப் படத்தை முந்தின நாள் ஒரு காதுகுத்தில் தீர்த்துவிட்டார். இரண்டுதான் பாக்கி.

"இப்பிடியே நின்னு எடுத்தா என்னங்க ஆவும்?" என்றாள் மதலேனம்மாள்.

"கோயில் திருவிழாவுல எடுத்தானே, அதேதான் ஆவும். வயித்துலருந்து மேல பாத்து எடுத்தா ஆளு பனமரமாட்டம் போவும்மா."

ஸ்தனிஸ்லாஸ் முன்னால் வந்தான். "நான் சொல்றன் கேளுங்க. ஆறு வருசமா தெனம் மூணு ஆட்டம் பாக்கறன். வில்லன் வர்றான்னா கேமராவத் தரையில வெப்பான். ஏழைப் பொண்ணு அழுவுதுன்னா மாடி மேலருந்து எடுப்பான். பாக்கறதுக்கே பாவமா, சின்னதா இருக்கும். நமக்கு இப்ப ஏழைப் பொண்ணுதான் வேணும்."

"நாம ஏழைதானடா," என்றாள் அக்கா.

"படத்துலயும் தெரியணுமில்ல."

வெங்கடாசலம் தலையை ஆட்டினார். "சினிமா வேறங்க. ஒரு ஆளப் புடிக்கணும்னா அவங்க கண்ணுக்கு நேரா போயி நிக்கணும். மேலயும் வேணாம், கீழயும் வேணாம். அப்பதான் இருக்கறது இருக்கறாப்பல வரும்."

"இருக்கறது இருக்கறாப்பல வரணும்னா போட்டோக்காரரு எதுக்குங்க?" என்றாள் மதலேனம்மாள். "அது எங்களுக்கே தெரியுதே."

சின்னப்பராஜ் முதுகைச் சொறிந்தபடி களத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் ராகித்தாள் போரில் நின்றது. பத்தடி உயரம்.

"அங்க ஏறிக்குங்க," என்றார்.

"நான் கல்யாணத்துக்குப் படம் எடுக்கறவங்க. காக்கா ஓட்டறவன் இல்ல."

"ஏணி இருக்குதுங்க."

ஏணி வைத்தார்கள். வெங்கடாசலம் கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு ஏறினார். போரின் உச்சியில் காலை வைத்ததும் முழங்கால்வரை உள்ளே போனார். அடுத்த காலையும் வைத்தார். இடுப்புவரை போனார்.

"மெல்லங்க," என்றார் நஞ்சப்பன் கீழேயிருந்து. "போன வாரம் ஒரு சாரை உள்ள போச்சு. வெளிய வந்ததா இல்லையான்னு நான் பாக்கல."

வெங்கடாசலம் அதற்குப் பிறகு அசையவில்லை. இடுப்புவரை தாளில் புதைந்தபடி, பெட்டியைக் கீழே சரித்துப் பிடித்து, ஞானமேரியைப் போரை ஒட்டி வந்து நிற்கச் சொன்னார்.

ஞானமேரி நீலப் புடவை கட்டியிருந்தாள். இவ்வளவு நேரமும் உரல் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவள், கூப்பிட்டதும் வந்தாள். வந்து நின்று மேலே பார்த்தாள்.

"போட்டோக்காரரே, எத்தன படம் இருக்குதுன்னீங்க?"

"ரெண்டும்மா."

"இது அவங்க இஷ்டத்துக்கு எடுங்க. இன்னொண்ணு என் இஷ்டத்துக்கு."

"ஒனக்கென்னடி இஷ்டம்?" என்றாள் தாய்.

"கண்ணுக்கு நேரா எடுக்கணும்னு சொன்னாரில்ல, அதான். குள்ளமாட்டம் காட்டிக் கட்டிக் குடுத்துட்டா, அப்பறம் சாவற வரைக்கும் நான் குனிஞ்சிக்கிட்டேவா இருக்கறது? களியக் கிண்டறப்ப குனியறதே போதும்."

போரின் மேலிருந்து ஒரு படம் எடுத்தார். இறங்கும்போது பாதித் தாளும் அவரோடு சரிந்து வந்தது. சின்னப்பராஜ் ஓடிவந்து அதை அள்ளிக் குவித்தார். மாட்டுக்கு அதுதான் ஆனிவரைக்கும்.

பிறகு கவிழ்த்த உரல் மேல் வெங்கடாசலம் ஏறினார். உரல் ஆடியது. நஞ்சப்பன் அவருடைய இரண்டு காலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இப்போது பெட்டியின் கண் ஞானமேரியின் கண்ணுக்கு நேராக வந்தது. அந்த உயரத்தில் அவளை நேராகப் பார்த்தது அதுவரைக்கும் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சூசையப்பர் படம் ஒன்றுதான்.

"சிரிக்கலாமா?" என்று கேட்டாள்.

"ஒங்க இஷ்டம்தானே இது," என்றார் வெங்கடாசலம்.

அவள் சிரிக்கவில்லை. நேராகப் பார்த்தாள். டிக் என்றது.

நாலு நாள் கழித்து ஸ்தனிஸ்லாஸ் இரண்டு படத்தையும் வாங்கி வந்தான். போர் மேலிருந்து எடுத்ததில் தலை பெரிதாகவும், தோள் அதற்கு அடுத்தபடியாகவும், கால் இரண்டும் கோழிக்காலாகவும் இருந்தன. புடவை கட்டிய பத்து வயதுப் பிள்ளை மாதிரி.

"எவ்ளோ அடக்கமா இருக்குது பாரு," என்று மதலேனம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதுதான் மாரண்டஹள்ளிக்குப் போனது. உரல் மேலிருந்து எடுத்ததை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டார்கள்.

ஸ்தனிஸ்லாஸே கொண்டுபோய்க் கொடுத்தான். ராயம்மாள் வீட்டில் இல்லை, மண்டிக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, முதல் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டான். அடுத்த செவ்வாய் பதில் கேட்டுவரப் போனவன் மத்தியானம் திரும்பினான். எல்லோரும் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடு தனி, கொட்டை தனி, நார் தனி. அவன் உட்கார்ந்து ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

"என்னடா சொன்னாங்க?"

"வேணாம்னுட்டாங்க."

சுத்தியல் நின்றது.

"என்னவாம்?"

"பொண்ணு குள்ளமாம்."

சின்னப்பராஜ் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். "யாரு?"

"நம்ம ஞானமேரிதான். பையன நான் இன்னிக்கித்தான் பாத்தன் மாமா. கம்பத்துலருந்து எறங்கி வந்தான். எறங்கினப்பறமும் பாதி கம்பத்துல நிக்கறாப்பலதான் இருந்தான். ஆறடிக்கு மேல. இவன் பக்கத்துல அந்தப் பொண்ண நிக்க வெச்சா ஊர்ல சிரிப்பாங்கன்னு அந்தம்மா சொல்லுது."

ஞானமேரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. புளிநார் மேலேயே சாய்ந்து சிரித்தாள். அவளை யாரும் குள்ளம் என்று சொன்னதில்லை.

மதலேனம்மாளுக்குக் கோபம் வந்தது. "எம்பொண்ணயா குள்ளங்கறா? அஞ்சாங்கிளாஸ்ல வாத்தியாரவிட ஒசரம் இவ."

"அத இப்ப சொல்லு," என்றார் சின்னப்பராஜ். "போர் மேல ஏத்தறப்ப சொல்லல."

"போர் மேல ஏத்தினது யாரு, நானா?"

"வாயை மூடிட்டு அந்த இன்னொரு படத்த எடு," என்றார் அவர். ஸ்தனிஸ்லாஸ் கையிலிருந்த புளியைத் தட்டிவிட்டு, படத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினான்.

வியாழன் போயிற்று. தகவல் இல்லை. வருகிற ஞாயிறு முதல் ஓலை வாசித்தாக வேண்டும். மாதா கோயிலைக் கூட்டி மணியடிக்கும் கோயில்பிள்ளை இரண்டு தடவை வந்து, "சாமியாருகிட்ட என்னங்க சொல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். மதலேனம்மாள் மாதா முன்னால் இரண்டு நாளாக முழங்காலில் இருந்தாள். எழுந்திருக்கும்போது ஞானமேரி தூக்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, களி கிண்டி இறக்கிய நேரம், குடையைக் கம்பாக ஊன்றியபடி ஒரு பெண் களத்துக்குள் வந்தாள். குட்டை, அகலம், வெற்றிலைவாய். யாருக்கும் சொல்லாமல் மாரண்டஹள்ளியில் முதல் பஸ் ஏறி வந்திருந்தாள் ராயம்மாள். வந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. களத்தில் கிடந்த முறத்தை எடுத்து, மடியிலிருந்து மூன்று படங்களை எடுத்து, அதில் வரிசையாக வைத்தாள்.

"எந்தங்கச்சி கடத்தூர்ல இருக்கறா. ஒங்க வூட்லருந்து வந்ததுன்னு அவகிட்ட இது இருந்தது," என்று முதல் படத்தைத் தொட்டாள். கோபுரத்தைத் தோளில் வைத்திருந்த படம். "இது பெரியவ. இது," என்று போர் மேலிருந்து எடுத்ததைத் தொட்டாள், "சின்னவ. எனக்கு மொதல்ல அனுப்பனது. இவ நடுவுலவ. எம்பையனுக்கு இவளத்தான் புடிச்சிருக்குது. நேராப் பாக்கறாளாம். ரெண்டு நாளா சட்டைப் பையில வெச்சிக்கிட்டுக் கம்பத்துல ஏறினான். தூங்கறப்ப எடுத்துக்கிட்டு வந்தன்."

ஞானமேரி நிலைப்படியில் நின்றிருந்தாள். கன்னத்தில் களிமாவு. அதைத் துடைக்க மறந்து முறத்தையே பார்த்தாள்.

"அக்கா," என்றாள் மதலேனம்மாள், "மூணும் ஒரே பொண்ணுங்க. இவதான்."

ராயம்மாள் ஞானமேரியை மேலும் கீழும் பார்த்தாள். நடந்து காட்டச் சொன்னாள். நடந்தாள். திரும்பச் சொன்னாள். திரும்பினாள். படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"நடுவுலவ நீதான். தெரியுது. ஒன்மேல கொறை இல்ல. பெரியவ எங்க?"

"பெரியவ இல்லைங்க."

"செத்துட்டாளா?"

"ஐயோ, பொறக்கவே இல்லைங்க."

"பொறக்காதவளுக்குப் போட்டோ எடுப்பாங்களா? இங்க பாரும்மா. பெரியவள வூட்ல வெச்சிக்கிட்டு நடுவுலவளத் தள்ளி வுட்டா என்ன அர்த்தம்? பெரியவளுக்கு சீக்கு. புத்தி சரியில்லையோ, வலிப்போ. அது ரத்தத்துல இருக்குமில்ல? நாளைக்கு எம்பேரனுக்கு வந்தா? சின்னவளப் பாரு. தலை எம்மாம் பெருசா இருக்குது. பாவம். வைத்தியம் பாத்தீங்களா?"

மதலேனம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் அன்று பகலாட்டத்துக்குப் போயாக வேண்டியவன். போகவில்லை. கேமராவை எங்கே வைத்தால் என்ன ஆகும் என்று விளக்க ஆரம்பித்தான். நஞ்சப்பனை நடுக்களத்தில் நிறுத்தி, தான் தரையில் படுத்து இரண்டு கையையும் பெட்டிபோல வைத்துப் பார்த்தான். "இப்பிடிப் பாத்தா இவரு பெருசு." எழுந்து ஏணியில் ஏறினான். "இப்பிடிப் பாத்தா சிறுசு."

"எனக்கு ரெண்டு தடவையும் நஞ்சப்பன்தான்பா தெரியறாரு," என்றாள் ராயம்மாள்.

"நீங்க கீழ நிக்கறீங்க. படுத்துப் பாருங்க."

"வந்த எடத்துல என்னைய மண்ணுல படுக்கச் சொல்றியா? ஏம்பா, மனுசன் பொய் சொல்லுவான். பொட்டிக்குப் பொய் சொல்லத் தெரியுமா? முன்னால என்ன நிக்குதோ அதத்தான் புடிக்கும். மூணு படத்துல மூணு ஆளு. எல்லாத்துக்கும் ஒரே நீலப் பொடவை. ஒரு பொடவைய மூணு பேரு மாத்தி மாத்திக் கட்டறாங்கன்னா வூட்டு நெலமையும் தெரியுது."

திருவிழாவிலும் ஞானமேரி அந்தப் புடவையைத்தான் கட்டியிருந்தாள். அவளிடம் நல்ல புடவை அது ஒன்றுதான்.

"ஞானஸ்நானப் புஸ்தகம் இருக்குதுங்க, கோயில்ல," என்றார் சின்னப்பராஜ். "எனக்கு எத்தன பொண்ணுன்னு சாமியாரு காட்டுவாரு."

"ஒங்க ஊரு சாமியாரு."

"அவரு பிரெஞ்சுக்காரருங்க."

"இருந்தாலும் ஒங்க ஊருதானே."

நஞ்சப்பனுக்குப் பொறுக்கவில்லை. "நான் இந்துங்க. எனக்கு இதுல ஒரு லாபமும் இல்ல. எங்க முனியப்பன் மேல சத்தியமா சொல்றன், இவங்களுக்கு ஒரே பொண்ணு. அந்தத் திருவிழாப் படத்தைக் காட்டினப்ப நான்கூட வேற யாரோன்னுதான் கேட்டன்."

ராயம்மாள் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களா?"

"கேட்டன். அப்பறம் இவங்க சொன்னதுக்கப்பறம்தான்..."

"இவங்க சொன்னாங்க," என்றாள் ராயம்மாள். படங்களை எடுத்து மடியில் சொருக ஆரம்பித்தாள். முதலில் பெரியவள். பிறகு சின்னவள். மூன்றாவதை எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. "பையன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. பதினொரு மணி பஸ் இருக்குதா?"

சின்னப்பராஜ் முதுகைச் சொறிவதை நிறுத்திவிட்டார். ஸ்தனிஸ்லாஸ் ஏணியிலேயே நின்றான். மதலேனம்மாள் அழவும் இல்லை.

ஞானமேரி நிலைப்படியை விட்டு இறங்கி வந்தாள். ராயம்மாளின் முன்னால் வந்து நின்றாள். உட்காரவோ குனியவோ இல்லை.

"அத்தை, நீங்க வர்றது யாருக்கும் தெரியாதில்ல?"

"தெரியாது."

"அப்ப ஒளிச்சு வெக்க எங்களுக்கு நேரமில்ல. அவங்க ரெண்டு பேரும் இருந்தா வூட்டுக்குள்ளதான் இருக்கணும். போயிப் பாருங்க."

ராயம்மாள் யோசித்தாள். "நான் ஒரு பக்கம் போவ, அவங்க ஒரு பக்கமா வெளிய ஓடிட்டா?"

"இந்த வூட்டுக்கு ஒரே கதவு. சன்னல்ல பூனைகூட நுழையாது. நீங்க உள்ள போனதும் நான் வெளியில பூட்டிடறன். நாங்க அத்தன பேரும் இங்க ஒங்க குடை பக்கத்துலயே நிக்கறம். சாவகாசமாப் பாத்துட்டுத் தட்டுங்க."

"பாயி எண்ணுவன்," என்றாள் ராயம்மாள். "தட்டு எண்ணுவன். குதிருக்குள்ள கைய வுட்டுப் பாப்பன். பரண் மேலயும் ஏறுவன்."

"ஏறுங்க."

"யாருமில்லன்னா வர ஞாயித்துக்கிழமை ரெண்டு கோயில்லயும் ஓலை. மாதா மேல சொல்றன். யாராவது இருந்தாங்கன்னா, நான் சும்மா போவ மாட்டன். ஒரு பங்குக் கோயில் வுடாமச் சொல்லிட்டுத்தான் போவன்."

"சரிங்க அத்தை."

சின்னப்பராஜ் கோயில் பக்கம் பார்த்தார். கோயில்பிள்ளை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் போய்விடாமல் இருக்க வேண்டும் என்று சின்னப்பராஜ் ஸ்தனிஸ்லாஸுக்குக் கண்ணைக் காட்டினார். ஸ்தனிஸ்லாஸ் ஏணியிலிருந்து குதித்து ஓடினான்.

ராயம்மாள் செருப்பைக் கழற்றினாள். குடையை நஞ்சப்பனிடம் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, திருடனைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி நிலைப்படியில் காலை வைத்தாள்.

"அக்கா," என்று மதலேனம்மாள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "அடுப்புல அவரைக்கொட்டைக் கொழம்பு இருக்குதுங்க. அடி புடிச்சிக்கும். அத மட்டும் ஒருக்காக் கிண்டி வுட்டுடுங்க."

"உப்பு போட்டாச்சா?"

"இல்லைங்க."

"நான் போட்டுக்கறன்," என்று ராயம்மாள் உள்ளே போனாள்.

ஞானமேரி கதவை இழுத்துச் சாத்தினாள். நாதாங்கியை மாட்டிப் பூட்டைப் போட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.